ஸ்டாண்டு அக்கா பின்னிய ஆடு

முதல் ஆறு மாதம் எனக்கு அவரைப் பிடிக்காது. ஒரு சித்திரை மதியம் திரேஸ்புரத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை என்னை நடக்க வைத்தவர் அவர்.

என்னோடு ஒரே வள்ளத்தில் வேலை பார்த்த கூட்டாளிக்குக் கையில் திருக்கை மீன் முள் குத்திவிட்டது. மீன் ஏற்ற வந்த ஆட்டோவில் அவனைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாற்றுத் துணியும் கஞ்சியும் கொண்டுவரச் சொல்லி எனக்கு ஃபோன் செய்தான். "ஸ்டாண்டுல என் வண்டி நிக்குது. எடுத்துட்டு வாலே" என்றான்.

வண்டி ஸ்டாண்டுக்குப் போய், அந்த அக்காவிடம் சாவி கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "குடுத்தவன் எங்க?" என்றார்.

"ஆஸ்பத்திரில கெடக்கான் அக்கா. கையில கட்டு."

"அப்ப கட்ட அவுத்துட்டு வரட்டும்."

அவனை ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் கெஞ்சினான், பிறகு திட்டினான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ஃபோன்ல பேசுதது வாய். எங்கிட்டச் சாவியத் தந்தது கை" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த குரோஷா ஊசிக்குத் திரும்பினார். ஊதா நிற உல்லன் நூலில் ஏதோ ஒரு பிராணியின் தலை அதில் பாதி வளர்ந்திருந்தது.

ஆட்டோவுக்குக் கையில் காசில்லை. தூக்குச்சட்டியோடு நடந்தேன். பத்தடி போனதும் கூப்பிட்டார். மனம் மாறிவிட்டது என்று நினைத்துத் திரும்பினேன். ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிச்சிட்டு நட. வெயிலு" என்றார். குடித்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் வரை அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

நான் அங்கே வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கயத்தாறில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். ஏரலில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றினேன். ஒரு கோடை முழுக்க உப்பளத்தில் நின்றேன். உப்பு காலைத் தின்னத் தொடங்கியதும் கடலுக்குப் போனால் தேவலாம் என்று தோன்றியது. கடலில் உப்பு காலை விட்டுவிட்டுக் கையைத் தின்றது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வள்ளங்கள் கரை சேரும் இடத்துக்கு எதிரே அவருடைய தகரக் கொட்டகை. கடலுக்குப் போகிறவர்கள் விடியுமுன் வண்டியை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். இடம் சின்னது, வண்டிகள் அதிகம். உள்ளே நிற்பதை எடுக்க வேண்டுமென்றால் முன்னால் நிற்கும் நாலை நகர்த்த வேண்டும். அதனால் எல்லோரும் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அத்தனை பேரும் அவரை ஸ்டாண்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் டோக்கன் கொடுத்துப் பார்த்தாராம். காகித டோக்கன் கைலி மடிப்பில் கூழாகித் திரும்பி வந்தது. பிளாஸ்டிக் வில்லைகள் கடலுக்குள் போயின. சாவிகளோ எல்லாம் ஒரே சாயல், வண்டிகளும் அப்படித்தான். ஒருநாள் மூன்று பேர் மாற்றி மாற்றி மற்றவன் வண்டியை ஓட்டிப் போய், மூன்று வீட்டிலும் சண்டையாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மிருகம் பின்னிக் கோக்கத் தொடங்கினார்.

அவர் நாசரேத்துப் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் மேசை விரிப்பு பின்னப் படித்தவர். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவர். புருஷனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஒன்றும் கிடையாது, இடுப்பில் மட்டும் ஒரு கான்வாஸ் பை. அத்தனை சாவியும் அதற்குள்.

அவர் பின்னுவதை நான் நிறைய நேரம் பார்த்திருக்கிறேன். விரலில் நூலைச் சுற்றி ஒரு வளையம் போடுவார். அதற்குள் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. சுற்றிச் சுற்றிப் போகப் போக ஒரு சின்னக் கிண்ணம் போல எழும்பும். அங்கே சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வலைக்காரர்கள். கண்ணி என்றால் தெரியும். "ஒண்ணு விட்டுட்டிய அக்கா" என்று எவனாவது சொல்வான். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வான். அவர் பதில் பேசாமல் பிரித்துத் திரும்பப் போடுவார். உள்ளே அடைக்கப் பஞ்சு கிடையாது. பஞ்சு கடல் காற்றில் ஈரம் குடித்து நாறும் என்பார். கிழிந்த லைஃப் ஜாக்கெட்டின் ஸ்பாஞ்சைப் பிய்த்து, அரிசி அளவுக்குச் சின்னதாக வெட்டி, ஊசியின் பின்புறத்தால் குத்திக் குத்தித் திணிப்பார். பிறகு கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்து வாயை மூடுவார். காலும் காதும் தனித்தனியாகப் பின்னித் தைப்பது. கண்ணுக்குக் கறுப்பு மணி. சாவியைக் கோக்கத் தூண்டில் கயிற்றில் போடும் சுழல் வளையம். முழுதும் முடிந்தால் ஒரு எலுமிச்சம்பழ உயரம் இருக்கும்.

யாருக்கு எந்த மிருகம் என்பது அவர் முடிவு. புதிதாக ஒருவன் வண்டி விட்டுப் போனால், அவன் கடலில் இருக்கும்போது பின்னத் தொடங்கி, கரைக்கு வரும்போது சாவியில் கோத்து வைத்திருப்பார். கேட்டு வாங்க முடியாது, மாற்றவும் முடியாது. மீசையும் தொந்தியுமாக ஒரு வள்ளத்து டிரைவர் இருந்தார். அவருக்குக் கிடைத்தது முயல்.

"அக்கா, கடல்ல என்னயச் சுறாம்பானுவ. நீங்க முயலத் தாரிய."

"கடல்ல சொல்லட்டும். கரையில ஒம் பொண்டாட்டி சத்தம் கேட்டா எப்படி ஓடுதன்னு நான்தான பாக்கேன்."

கொட்டகையே சிரித்தது. டிரைவர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். அதற்கப்புறம் அந்த முயலை ஒருத்தன் தொட்டுவிட்டால் அடிக்க வருவார்.

நான் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். பூட்டுச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெறும் நூலில் முடிச்சுப் போட்டுப் பைக்குள் போட்டார். எட்டு மாதம் அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "நீ நிக்க மாட்ட. நூலு வீணு" என்றார். ஒன்பதாவது மாதம் ஒரு ஒட்டகம் பின்னிக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "தண்ணியில்லாத எடத்துக்கும் போயிருவ, அதான்" என்றார். அது சரிதான்.

ஆனால் சாவி விஷயத்தில் அவரிடம் விளையாட்டே கிடையாது. கொடுத்த கைக்குத்தான் திருப்பிக் கொடுப்பார். ஒரு போலீஸ்காரர் தன் மைத்துனனின் வண்டியைக் கேட்டு அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு நாள், இழுப்பு வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். கூட அவள் தம்பி. புருஷன் கடலில். அவன் வண்டி கண் முன்னால் நிற்கிறது. அக்கா சாவியைத் தரவில்லை. நடு ரோட்டில் இறங்கிக் கையை விரித்து ஒரு ஆட்டோவை மறித்து, அவர்களை ஏற்றி, டிரைவரிடம் தன் கையிலிருந்ததைக் கொடுத்து அனுப்பினார். பிள்ளைக்குச் சரியாகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு அங்கே நின்ற யாருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஆட்டோ வர ஐந்து நிமிஷம் ஆகியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். "அஞ்சு நிமிசம் அந்தப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடிருப்பேன்" என்றார். ஓடியிருப்பார் என்பதும் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது.

ஏன் இப்படி என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். முன்னொரு காலத்தில் அப்பன் சொன்னதாகச் சொல்லி வந்த பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டாராம், அவன் பைபாஸில் உப்பு லாரிக்கு அடியில் போய்விட்டானாம். இன்னொருவர், அதெல்லாம் இல்லை, அது அவர்கள் குடும்பத்துப் பிடிவாதம், அவர் அப்பாவும் அப்படித்தான் என்பார். அக்கா இரண்டையும் மறுத்ததில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பி வராமல் போனால், சொந்தக்காரர்கள் வந்து அவன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துப் போவார்கள். ஓட்ட மாட்டார்கள். எத்தனை தூரமானாலும் தள்ளிக்கொண்டே போவார்கள். தெருவுக்குள் ஒரு வண்டி தள்ளப்பட்டு வந்தால் வேறு சேதி சொல்லத் தேவையில்லை. வாசல்களில் நிற்கும் பெண்கள் பார்த்ததும் அழத் தொடங்குவார்கள். உடம்பு கிடைக்காத சாவுகள் அந்தக் கரையில் உண்டு. அவற்றுக்கு வண்டி வீடு சேர்கிற நாள்தான் சாவு நாள். அன்றைக்குத்தான் மாதா கோயில் மணி அடிக்கும்.

ஆடி மாதக் காற்றில் ஒரு வள்ளம் காணாமல் போனது. நாலு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போனது, ஆறாம் நாளும் திரும்பவில்லை. உள்ளே ஐந்து பேர். நாலு பேர் பக்கத்துத் தெருக்காரர்கள், நடந்து வந்தவர்கள். ஐந்தாவது ஆள் சுனாமி காலனியிலிருந்து மொபட்டில் வந்தவன். அந்த வள்ளத்துக்குப் புதிது, ஸ்டாண்டுக்கும் புதிது. கடலுக்குப் புறப்பட்ட அன்றுதான் முதல் முறையாக அக்காவிடம் சாவி கொடுத்திருந்தான். ஐந்து நிமிஷம் நின்றிருப்பான். சீட்டைத் துடைத்தான், வண்டியை நேராக்கி நிறுத்தினான், இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அக்கா அவனுக்கு ஆமை என்று முடிவு செய்து, பச்சை நூலில் முதுகு ஓட்டைப் பின்னி வைத்திருந்தார்.

எனக்கு அந்த வாரம் கெளுத்தி முள் குத்தி உள்ளங்கை வீங்கிக் கிடந்தது. வேலைக்குப் போக முடியாமல் பகல் முழுவதும் அந்தக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் நடந்தவை எனக்குத் தெரியும்.

எட்டாம் நாள் அந்த மொபட்காரனின் அண்ணன்காரர் வந்தார். கூட இரண்டு சொந்தக்காரர்கள். நல்ல மனுஷன், குரலை உயர்த்தாதவர்.

"அக்கா, தம்பி வண்டிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"ஓட்டிக்கிட்டா, தள்ளிக்கிட்டா?"

அண்ணன்காரர் வண்டியின் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மா நாலு நாளாப் பச்சத் தண்ணி குடிக்கல அக்கா. அழவும் மாட்டேங்கா. வாசலப் பாத்து உக்காந்தா உக்காந்தபடி இருக்கா. வண்டி வந்துட்டா ஒரு பாட்டம் அழுது தீத்துருவா. பெறவு ரெண்டு வாய் சாப்புடுவா. இல்லன்னா அவளும் போயிருவா. நான் என்ன செய்ய, சொல்லுங்க."

அக்கா ஊசியை மடியில் வைத்தார். "ஒங்க கஷ்டம் தெரியுது அண்ணாச்சி. ஆனா எனக்குச் சாவி தந்த கை ஒங்க கை இல்ல."

"அவன் கை இனி வரவா போவுது?" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர். "பூட்ட ஒடைச்சா எடுக்க முடியாதாக்கும்?"

"முடியும். அந்தா கல்லு கெடக்கு."

அந்த ஆள் கல்லைப் பார்த்தார். அண்ணன்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவன் செத்துவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். எட்டு நாளுக்குக் குடிதண்ணீர் எந்த வள்ளத்திலும் இருக்காது. அழ வேண்டிய ஒரு கிழவியை அழவிடாமல் ஒரு சாவியை இடுப்பில் கட்டி வைத்திருக்கிறார் என்று பட்டது. அதை அவரிடமே சொன்னேன். "நீ வாய மூடிக்கிட்டு கையத் தூக்கி வச்சிரு, வீங்கிரும்" என்றார்.

மறுநாள் காலை அவன் மனைவி வந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது. தோளில் ஒரு பை, அதில் மனுக்களும் ஆதார் நகல்களும். அண்ணன்காரரை வெறுங்கையோடு அனுப்பியதற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தோம்.

"நேத்து எங்க வீட்டுப் பெரியவுகளுக்குச் சாவி குடுக்கலியாமே" என்றாள்.

"குடுக்கல."

"எனக்குக் குடுங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்குமா?"

"தள்ளிட்டுப் போவ இல்லக்கா. ஓட்டிட்டுப் போவ. எனக்கு ஓட்டத் தெரியும். மீன்துறை ஆபீசு ஒரு மூலையில, கலெக்டர் ஆபீசு ஒரு மூலையில. பஸ்ஸுக்கு நின்னு நின்னு ஒரு நாளைக்கு ஒரு எடந்தான் போவ முடியுது. தேடுதோம்னு எல்லாருந்தான் சொல்லுதாவ. நான் தெனமும் மூஞ்சியக் காட்டுனாத்தான் அவுக பேரு அவங்க மேசையில இருக்கும். இல்லன்னா அடுத்த காயிதத்துக்கு அடியில போயிரும்."

இதற்கும் மறுத்தால் அக்காவோடு இனிப் பேசுவதில்லை என்று நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, மிருகமில்லாத அந்த ஒற்றைச் சாவியைத் துழாவி எடுத்தார். அவள் கையை நீட்டினாள்.

அக்கா அந்தக் கையைக் கடந்து போய் நாலு வண்டிகளை நகர்த்தி, மொபட்டை வெளியே இழுத்து, சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"ஏறுளா."

"அக்கா, நானே ஓட்டுதேன்."

"எங் கையில தந்தான். எங் கையிலதான் இருக்கு. நீ பின்னால ஏறு."

அவள் ஏறினாள். அக்கா என்னைப் பார்த்து, "ஏலே, ரெண்டு மணிக்கு வந்துருவேன். வண்டியெல்லாம் பாத்துக்க" என்றார்.

"சாவி?"

"சாவி என் இடுப்புல."

வண்டி கொஞ்ச தூரம் ஆடியது, பிறகு நேரானது. அவர் அந்தக் கொட்டகையை விட்டுப் பகலில் வெளியே போனதை அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லையாம்.

அன்றிலிருந்து பத்து மணிக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குத் திரும்பினார்கள். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் இல்லாததால் வண்டி நின்றது. பன்னிரண்டு மணிக்கே கரை திரும்பியவர்கள் சாவியில்லாமல் நிழலில் உட்கார்ந்து என்னை வைதார்கள். "சாவியில்லாத வாட்ச்மேனு" என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஒருத்தனும் அக்காவிடம் முகம் கோணவில்லை. முயல்கார டிரைவர் மட்டும், அவர்கள் வந்து இறங்கியதும் முதல் ஆளாக எழுந்து போய், "என்ன சொன்னாவ?" என்று கேட்பார். "தேடுதாவளாம்" என்று அந்தப் பெண் சொல்வாள். அதையே தினமும் கேட்டார், அதையே தினமும் சொன்னாள்.

திரும்பி வந்ததும் அக்கா அவளை வீட்டுக்கு அனுப்ப மாட்டார். கொட்டகையில் உட்கார வைத்துத் தன் சோற்றில் பாதியைப் போடுவார். வீட்டில் மாமியார் சாப்பிடாமல் இருக்க, இவள் எப்படிச் சாப்பிடுவாள்? இங்கே சாப்பிட்டாள். முதல் நாள் சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கும்போதுதான் அக்காவின் கூடையில் அந்தப் பச்சை ஓட்டைப் பார்த்தாள்.

"இது என்னதுக்கா?"

"ஒம் வீட்டுக்காரனுக்கு. ஆமை."

அவள் அதைக் கையில் எடுத்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நான் அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஆமையா? அவுகளா? அவுக ஒரு எடத்துல உக்காந்து நான் பாத்ததே இல்ல. சோறு திங்கும்போதும் தட்டத் தூக்கிட்டு நடப்பாவ."

"எங்கிட்ட அமைதியாத்தான நின்னான்."

"மொத நாளு அப்படித்தான் நிப்பாவ. என்னயப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கும் அப்படித்தான் நின்னாவ. நம்பித்தான நான் சரின்னேன்."

அக்காவும் சிரித்துவிட்டார். ஆமையை வாங்கி, நூலின் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தார். சுற்றுச் சுற்றாகப் பிரிந்து, அரை நிமிஷத்தில் ஓடு போய்விட்டது. "ஆளப் பாத்துத் தப்பாப் போட்டது இதுதான் மொத தடவ" என்றார். அவர் வாயிலிருந்து தப்பு என்ற சொல்லை நான் அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மதியங்கள் அதிலேயே போயின. அக்கா குரங்கு என்றார். "பிள்ளய பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க" என்று அவள் மறுத்தாள். காக்கா என்றார். "சத்தம் போட மாட்டாவ, சும்மா துறுதுறுன்னு இருப்பாவ, அவ்வளவுதான்." கூட்டாளி ஒருவன் அணில் என்றான், நான் கீரி என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னாள். மிச்சம் வைக்காமல் எதையும் தின்பதையும், ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் வீடே கறியை விலக்கிச் சுத்தபோசனத்தில் இருக்க ஒளித்து வைத்துக் கறி தின்று மாட்டிக்கொண்டதையும், வாசற்கதவு திறந்திருக்கும்போதும் மதிலைத் தாண்டித்தான் உள்ளே வருவதையும் சொன்னாள். அவனை ஐந்து நிமிஷம் மட்டும் பார்த்த நாங்கள் அத்தனை பேரும் அவனை நன்றாகத் தெரிந்தவர்கள் போல ஆகிவிட்டோம்.

"அப்ப ஆடுதான்" என்றார் அக்கா.

"ஆமாக்கா. ஆடுதான். எங்க திரிஞ்சாலும் பொழுது அடைய வீட்டுக்கு வந்துருவாவ."

சொல்லிவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள். அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். அக்கா வெள்ளை நூலை எடுத்து விரலில் சுற்றி வளையம் போட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணத் தொடங்கினார். எப்போதும் மனதுக்குள்தான் எண்ணுவார். அன்றைக்கு அவள் முகத்தைத் துடைத்து முடிக்கும் வரை எண்ணினார்.

ஆட்டின் உடம்பு பன்னிரண்டாம் நாள் முடிந்தது. கால்கள் பதிமூன்றாம் நாள். கொம்பு சரியாக வரவில்லை. இரண்டு முறை பிரித்தார். பதினான்காம் நாள் மீன்துறை ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கொம்பைத் தைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்து ஒருவர் கையில் ஃபோனோடு ஓடி வந்தாராம். தெற்கே ஆழ்கடலில் ஒரு சரக்குக் கப்பல் அந்த வள்ளத்தைப் பார்த்திருக்கிறது. இன்ஜின் பழுதாகி நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்த ஐந்து பேரையும் ஏற்றிக் கொழும்பில் இறக்கியிருக்கிறது. ஐந்து பேரும் உயிரோடு. இரண்டு நாள் பெய்த மழையைத் தார்ப்பாயில் பிடித்து வைத்துக் குடித்திருக்கிறார்கள்.

அன்றைக்கு இரண்டு மணிக்கு வந்து இறங்கியபோது டிரைவர் வழக்கம்போல் "என்ன சொன்னாவ?" என்று கேட்டார். அக்காதான் சொன்னார். டிரைவர் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டு வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். அக்கா மொபட்டைப் பழைய இடத்திலேயே உள்ளே தள்ளி நிறுத்தி, முன்னால் நாலு வண்டிகளை நகர்த்தி வைத்தார்.

மூன்று நாள் கழித்து ஒரு வேனில் கொண்டுவந்து கரையில் இறக்கினார்கள். பூமாலை, கூட்டம், டிவிக்காரர்கள். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அவன் பாதி ஆளாகியிருந்தான். கால் இரண்டும் வீங்கி, முகத்தில் தோல் உரிந்து கிடந்தது. அண்ணன்காரர் இடுப்பில் கைகொடுத்துப் பிடித்திருந்தார். ஆட்டோ தயாராக நின்றது. "அம்மா காத்துட்டு இருக்கா, ஏறுலே" என்றார். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, சாலையைக் கடந்து மெதுவாகக் கொட்டகைக்கு வந்தான். அவன் மனைவி இரண்டடி தள்ளி வந்தாள்.

"அக்கா, என் சாவி."

அக்கா எழுந்து, பையிலிருந்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"தம்பி, ஒன்னயக் கேக்காம ஒன் வண்டிய அஞ்சு நாளு ஓட்டிட்டேன். மன்னிச்சிக்க."

அவனுக்குப் புரியவில்லை. அந்தப் பதினேழு நாட்களில் அவன் வண்டியைச் சுற்றி நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. சாவியில் தொங்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெள்ளை உடம்பு, கறுப்பு மணிக் கண், ஒரு கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"இது என்ன, ஆடா?"

"ஆமா."

"எனக்கு எதுக்கு ஆடு?"

அக்கா அவன் மனைவியைப் பார்த்தார். அவள் சாலையைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தோம்.

அவன் வண்டியின் மேல் கையை ஊன்றி நின்று பார்த்தான். கால் நிற்கவில்லை. சாவியை மனைவியிடம் நீட்டி, "நீ ஓட்டு" என்றான்.

நான் அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதை அவர் கண் தாழ்த்திப் பார்த்தார். பிறகு போய், முன்னால் மறித்து நின்ற நாலு வண்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து வழி விட்டார்.

அவள் வண்டியை வெளியே எடுத்து ஏறி உட்கார்ந்தாள். அண்ணன்காரர் தம்பியைப் பிடித்துப் பின்னால் ஏற்றிவிட்டார்.

"எதுக்கு ஆடுன்னு கேட்டேனே" என்றான் அவன்.

"வீட்டுக்குப் போயிச் சொல்லுதேன். இடுப்பப் புடிச்சிக்கிடுங்க."

வண்டி கிளம்பியது. அண்ணன்காரர் ஆட்டோவில் தனியாக ஏறி, அவர்களை முந்தாமல் பின்னாலேயே போனார்.